படிப்பகச் சுவருக்கு விண்வெளிப் படங்களும் போர்ப் படங்களும்: எவற்றைத் தேர்ந்தெடுக்கலாம்?

தண்டையார்பேட்டை வாசகி:

அனைவருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் படிப்பகத்துக்கு மாலை நேரத்தில் பிள்ளைகள் வருகிறார்கள். எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படிப்பவர்கள். சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்திருக்கிறோம். அதில் நிரந்தரமாக ஒரு படவரிசை மாட்ட நினைக்கிறேன். என்ன படங்கள் வேண்டும் என்று பிள்ளைகளிடமே கேட்டேன். பாதிப் பேர் ராக்கெட், நிலா, செவ்வாய் என்றார்கள். இராணுவ ஆள்சேர்ப்புக்காக விடியற்காலையில் கடற்கரையில் ஓடிப் பயிற்சி எடுக்கும் பையன்கள் போர்ப் படங்களைக் கேட்டார்கள்.

12க்கு 18 அங்குல அளவில் ஒன்பது படங்களுக்குத்தான் இடமும் பணமும் இருக்கின்றன. இணையத்தில் தேடினால் "வாயடைத்துப் போவீர்கள்" என்ற தலைப்பில் நூறு படங்கள் கொட்டுகின்றன. யார் எடுத்தார், எந்த ஆண்டு, எதற்காக என்று ஒரு வரிகூட இல்லை. எனக்கு அந்த வகை வேண்டாம். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஐந்தாறு வரி எழுதி ஒட்டப் போகிறேன். அந்த வரிகளுக்குத் தகுதியான படங்கள் வேண்டும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. விண்வெளியையும் போரையும் ஒரே சுவரில் வைப்பது சரியா? படிப்பகக் குழுவில் ஒருவர், போர்ப் படங்களே கூடாது என்கிறார். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

எண்ணூர் அலை:

வாழ்த்துகள் சகோதரி. எனக்குத் தோன்றியவை: 1968இல் அப்பல்லோ 8 எடுத்த புவி உதயம் (நிலவின் விளிம்புக்கு அப்பால் பூமி தெரியும் படம்), நிலவில் ஆல்ட்ரின் நிற்கும் படம் (அவருடைய தலைக்கவசக் கண்ணாடியில் படமெடுக்கும் ஆர்ம்ஸ்ட்ராங் சிறிதாகத் தெரிவார், பிள்ளைகளிடம் தேடச் சொல்லலாம்), 1995இல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படைப்பின் தூண்கள் (விண்மீன்கள் பிறக்கும் வாயுத் தூசி மேகங்கள்), 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3இன் பிரக்யான் ஊர்தி எடுத்த விக்ரம் தரையிறங்கியின் படம்.

போர்ப் படம் என்றால் பெர்லினில் ஜெர்மன் நாடாளுமன்றமான ரைக்ஸ்டாக் கட்டடத்தின் மேல் சோவியத் கொடி ஏற்றும் படம். 1945 மே 2 அன்று யெவ்கேனி கால்தேய் எடுத்தது. சிவப்பு மேசைவிரிப்புத் துணியில் தைத்த கொடியை அவரே கொண்டுபோயிருந்தார். ஒரு வீரரின் இரண்டு கைகளிலும் கடிகாரம் இருந்ததால், கொள்ளையடித்ததாகத் தோன்றும் என்று ஒன்றைச் சுரண்டி நீக்கினார்கள். பின்னணியில் புகையைக் கூட்டினார்கள். படத்தை அப்படியே நம்பக் கூடாது என்று கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல படம் இல்லை.

ஆனால் இரண்டையும் கலக்காதீர்கள். ஒரு பக்கச் சுவரில் அறிவியல், எதிர்ப்பக்கம் போர். பிள்ளைகளுக்கு வேறுபாடு தெரிய வேண்டும்.

இருட்டறை:

அம்மா, ஒரே சுவரில் வையுங்கள். எண்ணூர் நண்பர் மேல் எனக்கு மரியாதை உண்டு; இந்த ஒன்றில் மட்டும் அவரோடு உடன்பட முடியவில்லை. இரண்டையும் பிரித்து மாட்டினால் அந்தச் சுவர் பிள்ளைகளிடம் பொய் சொல்லும். காரணத்தைப் படங்களை வைத்தே சொல்கிறேன்.

நான் தங்கசாலைப் பக்கம் ஸ்டுடியோக்களுக்குப் பிலிம் கழுவிக் கொடுத்துப் பிழைத்தவன். டெவலப்பர், ஹைப்போ, சிவப்பு விளக்கு, எந்நேரமும் ஈரமான விரல்கள். ஏப்ரல், மே மாதங்களில் எங்களுக்குப் பெரும்பாடு. பிலிமில் படத்தைத் தோன்றவைக்கும் டெவலப்பர் திரவம் 20 டிகிரி வெப்பத்தில் இருக்க வேண்டும். நம் ஊர்க் குழாய்த் தண்ணீரோ கையைச் சுடும். சூடு ஏறினால் பிலிமின் மேல் பூசிய ஜெலட்டின் இளகிவிடும், படத்தில் புள்ளி புள்ளியாகப் பொரி தட்டும். காசிமேட்டிலிருந்து மீனுக்கு உடைத்த ஐஸை வாங்கிவந்து தட்டைச் சுற்றி அடுக்கி வேலை பார்ப்போம். ஆகையால் எந்தப் புகழ்பெற்ற படத்தைப் பார்த்தாலும் எனக்கு முதலில் எழும் கேள்வி இதுதான்: இந்தப் பிலிம் எப்படித் திரும்பி வந்தது? யார் கழுவினார்கள்? எந்தத் தண்ணீரில்? நீங்கள் எழுதப் போகும் ஐந்து வரிகளுக்கு இந்தக் கேள்வியைவிட நல்ல தொடக்கம் இல்லை என்று உறுதியாக நம்புகிறேன்.

முதல் படமாக 1946 அக்டோபர் 24ஐ வையுங்கள். விண்வெளியிலிருந்து பூமியை எடுத்த முதல் படம் அது. எடுத்துச் சென்ற வண்டி எது தெரியுமா? வி-2. போரின் கடைசிக் கட்டத்தில் லண்டன் மீதும் ஆண்ட்வெர்ப் மீதும் விழுந்து மக்களைக் கொன்ற ஜெர்மன் ஏவுகணை. வதைமுகாம் கைதிகளை அடிமைகளாக்கிச் சுரங்கத்துக்குள் வைத்துக் கட்டியது. போர் முடிந்ததும் அமெரிக்கர்கள் அவற்றைக் கைப்பற்றி நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் பாலைவனத்துக்குக் கொண்டுபோனார்கள். அப்படி ஒன்றில் 35 மில்லிமீட்டர் சினிமா கேமராவைப் பொருத்தி ஏவினார்கள். ஒன்றரை வினாடிக்கு ஒரு படம். 105 கிலோமீட்டர் உயரம். மேலே போனது, தலைகுப்புற வந்து பாலைவனத்தில் மோதியது. கேமரா சுக்குநூறாகியது. பிலிம் மட்டும் இரும்புப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. தேடிப் போனவர்கள் அந்தப் பெட்டியைக் கண்டதும் குதித்தார்களாம். பிலிம் கழுவியவன் என்ற முறையில் அந்தக் குதிப்பு எனக்குப் புரிகிறது. படம் அழகாக இருக்காது. கரிய வானம், வளைந்த விளிம்பு, கீழே மேகத் திட்டுகள், முழுக்கப் பொரி. அப்படியே வையுங்கள், மெருகேற்ற வேண்டாம். இப்போது சொல்லுங்கள்: இது எந்தச் சுவருக்கு உரியது? அறிவியல் சுவருக்கா, போர்ச் சுவருக்கா?

இரண்டாவது, 1959 அக்டோபர் 7. சோவியத் விண்கலம் லூனா 3, நிலவின் மறுபக்கத்தை எடுத்த படம். மனிதக் கண் அதுவரை கண்டிராத பக்கம். நான் இளைஞனாக இருந்தபோது இதைப் பற்றிப் படித்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் யோசித்திருக்கிறேன். ஏனென்றால் அந்தக் கலத்துக்குள்ளேயே ஓர் இருட்டறை இருந்தது! 29 படங்கள் எடுத்தது. எடுத்த பிலிமைத் தானே டெவலப் செய்து, ஃபிக்ஸ் செய்து (படம் அழியாமல் நிலைக்கவைத்து), உலர்த்தியது. அதன் பிறகு ஓர் ஒளிப்புள்ளியால் வரிவரியாகத் தடவி, அந்த வெளிச்ச வேறுபாட்டை வானொலி அலையாக மாற்றிப் பூமிக்கு அனுப்பியது. எடை இல்லாத இடத்தில், ஆள் இல்லாமல், அத்தனை இரசாயனத்தையும் ஓர் எந்திரம் கையாண்டிருக்கிறது. நமக்கு இங்கே கீழே, கையில் ஐஸும் கடிகாரமும் வைத்துக்கொண்டே ரோல் கெட்டுப்போகும்.

அந்தப் பிலிம் வந்த வழியைக் கேளுங்கள். 1956இல் அமெரிக்கா, சோவியத் வான்வெளிக்குள் உளவுக் கேமரா தொங்கவிட்ட பலூன்களை அனுப்பியது. நிறைய பலூன்கள் சோவியத் கையில் சிக்கின. அவற்றில் இருந்த பிலிம் குளிரையும் கதிர்வீச்சையும் தாங்கக்கூடியது. அதையே வெட்டி லூனா 3இல் ஏற்றினார்கள். எதிரி உளவு பார்க்க அனுப்பிய பிலிமில் நிலவின் மறுபக்கம் பதிவானது. இதையும் எந்தச் சுவரில் மாட்டுவீர்கள்?

மூன்றாவது படம் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. சைபீரியாவின் கிழக்குக் கோடியில் மிஸ் ஷ்மிதா என்ற விமான ஓடுபாதை. மங்கலான ஒரு கோடு. 1960 ஆகஸ்ட் 18இல் அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள் எடுத்தது. வெளியுலகத்துக்கு அதன் பெயர் டிஸ்கவரர் 14, அறிவியல் ஆய்வு என்று சொல்லிவைத்திருந்தார்கள். பிலிம் ஒரு கூடைக்குள் சுருட்டப்பட்டு, வளிமண்டலத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கி, பாராசூட் விரித்தது. ஹவாய் பக்கம் ஒரு சி-119 விமானம் பின்னால் கொக்கிகளைத் தொங்கவிட்டபடி பறந்து வந்தது. இரண்டு முறை தவறவிட்டு, மூன்றாம் முறை நடுவானிலேயே கொத்திக்கொண்டு போனது. இந்த ஒரே பயணத்தில் கிடைத்த சோவியத் நிலப்பரப்பு, அதுவரை அங்கே யூ-2 உளவு விமானங்கள் எடுத்த எல்லாவற்றையும்விட அதிகம். 1995இல் இரகசியம் நீக்கி எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை வெளியிட்டார்கள். இன்று சிரியா, ஈராக் பகுதிகளில் மண்மேடிட்ட பழைய ஊர்களையும் பாதைகளையும் தேடும் தொல்லியலாளர்களுக்கு அவைதான் ஆதாரம். பின்னால் வந்த அணைகளும் உழவும் பலவற்றை அழித்துவிட்டன அல்லவா? ஓடுபாதைப் படத்துக்குப் பக்கத்திலேயே கூடையைக் கொக்கி பிடிக்கும் படத்தையும் மாட்டுங்கள். உங்கள் ஓட்டக்காரப் பையன்கள் நகர மாட்டார்கள்.

நான்காவதைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். போர்ப் படமே கூடாது என்கிறாரே உங்கள் குழு நண்பர், அவரையும் படிக்கச் சொல்லுங்கள்.

1945 ஆகஸ்ட் 6. ஹிரோஷிமாவுக்கு மேலே எழுந்த காளான் மேகத்தை விமானத்தின் வாலிலிருந்து எடுத்த படம் எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. அதே நாளில் கீழே, தரையில், யோஷிதோ மட்சுஷிகே என்ற செய்தித்தாள் படக்காரர் இருந்தார். வீட்டில் அவரும் அடிபட்டுப் பிழைத்தவர். கேமராவை எடுத்துக்கொண்டு மியுகி பாலத்துக்குப் போனார். 24 படங்களுக்குப் பிலிம் இருந்தது. அவரால் அழுத்த முடியவில்லை. நெடுநேரம் நின்றார். கண்ணீரில் எதிரே எதுவும் தெளிவாகத் தெரியவில்லை என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். நாள் முழுவதும் அலைந்து ஏழு முறைதான் அழுத்தினார், ஐந்து தேறின. அணுகுண்டு விழுந்த அன்றே நகருக்குள் எடுத்த படங்கள் மிகமிகச் சில, அவற்றில் இவை ஐந்து. இருட்டறை இல்லை, குழாய் இல்லை. இரவில் திறந்த வெளியில் டெவலப் செய்து, ஓடைத் தண்ணீரில் அலசி, மரக்கிளையில் தொங்கவிட்டு உலர்த்தினார்.

முதல் படத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் முதுகு காட்டி நிற்கிறார்கள். தீக்காயத்துக்கு எண்ணெய் தடவிக்கொள்ளக் காத்திருக்கும் கூட்டம். அதில் பலர் நடுநிலைப் பள்ளி மாணவர்கள், உங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வயது. அந்தப் படத்தில் இரத்தத்தைக் காட்டி அதிர வைக்கும் நோக்கம் எதுவும் இல்லை. இராணுவத்தில் சேரப் போகும் பையன் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்பேன். அவனைத் தடுப்பதற்காகச் சொல்லவில்லை. விமானத்திலிருந்து எடுத்த படமும் பாலத்திலிருந்து எடுத்த படமும் ஒரே காலைப் பொழுதின் படங்கள் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எண்ணூர் நண்பர் சொன்ன ஆல்ட்ரின் படத்தையும் சேருங்கள். அதற்குக் கீழே எழுத ஒரு வரி தருகிறேன்: எடையைக் குறைக்க அந்தக் கேமராவை நிலவிலேயே விட்டுவிட்டு, பிலிம் பெட்டியை மட்டும் எடுத்துவந்தார்கள். கேமராவா, பிலிமா என்றால் பிலிம்தான்!

கல்மண்டபம்:

இருட்டறை ஐயாவின் பதிவைப் படித்துவிட்டு வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். ஒன்றைச் சேர்க்கிறேன். நம் கரையிலேயே நடந்த போர் நடவடிக்கைக்கும் படம் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு, கேப்டன் கார்ல் ஃபோன் முல்லரின் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. துறைமுகத்தையொட்டி இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. சிதைந்த தொட்டிகளின் படங்கள் அந்நாளிலேயே அச்சாகிப் பரவின. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளின் அருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனை அடித்து ஒதுக்கியது. பாறைத்திட்டில் ஏறிக் கிடக்கும் அதன் படமும் இருக்கிறது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் உயர் நீதிமன்ற மதிலில் இருக்கும் கல்வெட்டைப் பார்த்திருப்பார்கள், நின்று படித்திருக்க மாட்டார்கள். தொட்டிகளையும் உடைந்த கப்பலையும் சேர்த்து ஒரே சட்டத்தில் போட்டால் ஓர் இடம்தான் பிடிக்கும். போர் என்றால் ஐரோப்பா, ஜப்பான் என்று மட்டும் அவர்கள் நினைத்துவிடக் கூடாது.

வியாசர்பாடி மாணவி:

ஐயாவுக்கு வணக்கம். நான் கல்லூரியில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு. பிலிம் திரும்பி வந்தது எப்படி என்ற உங்கள் கேள்வி என்னை மிகவும் யோசிக்க வைத்தது. ஆனால் திரும்பி வந்தால் மட்டும் போதுமா? யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டுமே.

நீங்கள் சொன்ன வி-2, பீனமுண்டே என்ற ஜெர்மன் சோதனைத் தளத்தில் உருவானது. பிரிட்டிஷ் விமானங்கள் அதைப் பலமுறை மேலிருந்து படமெடுத்தன. ஒன்றையொன்று பாதிக்கு மேல் தழுவும்படி அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களை இரட்டைக் கண்ணாடிக் கருவியில் பார்த்தால் கட்டடமும் மரமும் முப்பரிமாணமாக எழும்பும். 1943 இறுதியில், இங்கிலாந்தில் மெட்மன்ஹாம் என்ற இடத்தில் படங்களைப் படிக்கும் பணியில் இருந்த கான்ஸ்டன்ஸ் பாபிங்டன் ஸ்மித் என்ற பெண், பீனமுண்டே படத்தில் ஒரு சாய்தளத்தின் மேல் சிலுவை வடிவில் ஒரு சின்னப் பொட்டைக் கண்டுபிடித்தார். அது வி-1, ஆள் இல்லாத பறக்கும் குண்டு. மற்றவர்கள் கடந்துபோன பொட்டு அது.

நம் ஊரிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். 2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் விக்ரம் நிலவில் மோதித் தொலைந்தது. நாசாவின் நிலவுச் சுற்றுக்கலம் செப்டம்பர் 17 அன்று அந்தப் பகுதியை எடுத்த படத்தை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் அதைப் பழைய படத்தோடு ஒப்பிட்டு, புதிதாக வந்திருந்த ஒரு வெளிர்ப்புள்ளியைக் கண்டுபிடித்து எழுதினார். நாசா சரிபார்த்து டிசம்பரில் அவர் பெயரைச் சொல்லி அறிவித்தது. மோதிய முக்கிய இடத்துக்கு வடமேற்கே ஏறத்தாழ 750 மீட்டர் தொலைவில் கிடந்த சிதறல் அது.

அக்கா, மோதலுக்கு முன் எடுத்த படத்தையும் பின் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுங்கள். அம்புக்குறி போடாதீர்கள். கீழே நூலில் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கட்டிவிடுங்கள். அவர்களே கண்டுபிடிக்கட்டும். அடுத்த தெருவிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள்.

தண்டையார்பேட்டை வாசகி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. குழு நண்பரிடம் இருட்டறை ஐயாவின் பதிவைக் கொடுத்தேன். மட்சுஷிகே பகுதியை இரண்டு முறை படித்துவிட்டு, "அந்தப் பாலத்துப் படத்தை நடுவில் வையுங்கள்" என்று அவரே சொல்லிவிட்டார்.

ஒரே சுவர்தான். வரிசை இப்படி: வி-2, லூனா 3, கொரோனாவின் ஓடுபாதையும் கொக்கியும் ஒரே சட்டத்தில், எம்டன், மியுகி பாலம், ரைக்ஸ்டாக் கொடி, புவி உதயம், ஆல்ட்ரின், கடைசியில் விக்ரம் தேடும் இரட்டைப் படம். தூண்களுக்கும் பிரக்யானுக்கும் இடமில்லை. அடுத்த ஆண்டு எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொள்கிறேன்.

ஐயா, ஒரு சந்தேகம். புவி உதயப் படத்தைச் சிலர் நிலவு கீழே படுத்திருப்பதாகப் போடுகிறார்கள். சிலர் நிலவு வலப்பக்கம் சுவர் போல நிற்பதாகப் போடுகிறார்கள். எது சரி? அச்சிடும் தாளும் எது நல்லது? எங்கள் படிப்பகத்தில் டியூப் லைட் வெளிச்சம் நேராகச் சுவரில் விழுகிறது.

இருட்டறை:

நிலவு வலப்பக்கம் நிற்பதுதான் விண்வெளி வீரர் பில் ஆண்டர்ஸ் எடுத்த விதம், அம்மா. அப்பல்லோ 8 நிலவின் நடுக்கோட்டை ஒட்டிச் சுற்றியது. பூமியின் வடதிசையை மேலாக வைத்துப் பார்த்தால் நிலவின் விளிம்பு செங்குத்தாக நிற்கும், பூமி அதன் பக்கவாட்டிலிருந்து வெளிவரும். நாம் தரையைக் கீழே வைத்தே பார்த்துப் பழகியதால் பத்திரிகைகள் திருப்பிப் போட்டன, அதற்கு 'உதயம்' என்ற பெயரும் பொருந்திவிட்டது. பிள்ளைகளுக்கு எடுத்தவர் பார்த்தபடியே காட்டுங்கள்.

அதற்கான வரிகள்: 1968 டிசம்பர் 24. நான்காவது சுற்று. பயணத் திட்டத்தில் இந்தப் படம் இல்லை. நிலவைப் படமெடுக்கத்தான் போயிருந்தார்கள். ஜன்னலில் பூமி தெரிந்ததும் ஆண்டர்ஸ் முதலில் கருப்பு வெள்ளையில் ஒன்று எடுத்தார். உடனே கலர் ரோல் கேட்டு வாங்கி மாட்டினார். 250 மில்லிமீட்டர் லென்ஸ், ஷட்டர் திறந்திருந்த நேரம் வினாடியில் 250இல் ஒரு பங்கு, லென்ஸின் திறப்பு எஃப் 11.

தாள் விஷயம்: பளபளப்புத் தாள் கூடவே கூடாது, டியூப் லைட் மட்டும்தான் தெரியும். மேட் தாளில் போடச் சொல்லுங்கள், மேலே லேமினேஷன் வேண்டாம், பிளெக்ஸ் வேண்டவே வேண்டாம். கடற்காற்றுக்குச் சட்டத்தின் பின்பக்கம் ஈரம் ஏறும். சுவரில் ஒட்டாமல் அரை அங்குலம் தள்ளி நிற்கும்படி நான்கு மூலையிலும் கட்டை வைத்து ஆணி அடியுங்கள்.

இன்னொன்று முக்கியம். புவி உதயமும் ஆல்ட்ரினும் சதுர நெகட்டிவ். 12க்கு 18 என்று சொன்னால் கடைக்காரர் இரண்டு பக்கமும் வெட்டி நிரப்பிவிடுவார். 12க்கு 12 ஆகப் போட்டு, மீதி இடத்தை வெள்ளையாக விடச் சொல்லுங்கள். உங்கள் ஐந்து வரியை அங்கேயே அச்சிட்டுவிடலாம். புவி உதயத்தோடு எந்தப் பக்கம் மேல் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுங்கள். இல்லாவிட்டால் கடையில் யாராவது நல்லெண்ணத்தோடு அதைத் திருப்பிவிடுவார்கள்.